டயரிலிருந்து தொடங்குங்கள்: ரோட்டுக்கும் டிராக் ரேஸுக்கும் ஒரே கார் என்றால் பின் சஸ்பென்ஷனும் டிரைவ்டிரெயினும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

காவேரிப்பட்டணத்தில் எங்கள் பட்டறைக்கு வரும் பையன்கள் முதலில் கேட்பது எப்போதும் எஞ்சினைப் பற்றித்தான். "அண்ணே, இதுல டர்போ போட்டா எவ்வளவு எச்பி வரும்?" நான் பதிலுக்குக் கேட்பது, "பின் டயர் என்ன சைஸுப்பா போட்டிருக்க?" பாதிப் பேருக்குச் சட்டென்று சொல்லத் தெரியாது. டிராக் ரேஸில் (drag race), அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்ப்பாதையில் 402 மீட்டரைக் கடக்கும் பந்தயத்தில், முதல் 20 மீட்டரை முடிவு செய்வது பின் டயர் இரண்டும் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர்தான். அந்த ரப்பர் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு, அங்கிருந்து சஸ்பென்ஷன், பிறகு டிரைவ்டிரெயின், அதாவது ஆக்சில், டிஃப்ரன்ஷியல் (முறுக்கை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது), புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு), கியர் பாக்ஸ், கிளட்ச் என்று முன்னோக்கி வரவேண்டும். எஞ்சின் கடைசி. இந்த வரிசையை மாற்றியவர்கள் இரண்டு முறை செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் செலவழித்தவன்தான்.

இந்த வழிகாட்டி பின் சக்கரம் ஓடும், பின்னால் முழு ஆக்சில் (இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே கூடு இணைப்பது) உள்ள பழைய கார்களுக்கானது: அம்பாசடர், கான்டெஸா, பத்மினி மாதிரி. முன் சக்கரம் ஓடும் ஹேட்ச்பேக்குக்கு இதில் பாதி பொருந்தாது. கார் பாயும்போது எடை பின்னால் போகும். அந்தக் கார்களுக்கு அதுவே எதிரி, நமக்கு அதுவே துணை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவே 44ஆம் எண் நெடுஞ்சாலை இரவில் காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் கை ஊறும். வேண்டாம். சாலையில் வேகப் போட்டி வைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 189ஆவது பிரிவின்படி குற்றம். தொப்பூர் கணவாயில் என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேகம் காட்ட வேண்டிய இடம் இருங்காட்டுக்கோட்டை மாதிரியான பந்தயத் தளம், அதுவும் டிராக் நிகழ்ச்சி நடக்கும் நாளில். அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எஞ்சினையே மாற்றப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் பதிவு செய்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஆம்பூர், வேலூர் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்கு 200 கி.மீ.க்கு மேல். ரோட்டு டயரிலேயே ஓட்டிக்கொண்டு போய், ஓடி முடித்து, அதே காரில் வீடு திரும்ப வேண்டும். பின்னால் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு தேர்வும் அந்தப் பயணத்தை மனதில் வைத்துத்தான்.

முதல் படி: எடை மேடைக்குப் போங்கள்

நம் பக்கம் கிரானைட் லாரிக்கும் மாங்காய் லாரிக்கும் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. பெட்ரோல் அரை டேங்க், ஓட்டுபவர் சீட்டில். முதலில் முழுக் கார், பிறகு முன் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு பின் சக்கரம் மட்டும். மேடை 5 கிலோ, 10 கிலோ கணக்கில்தான் காட்டும், நமக்கு அது போதும்.

கணக்குக்கு ஒரு அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். ஆளோடு 1200 கிலோ, அதில் பின்னால் 540, அதாவது 45 சதவீதம். வீல்பேஸ் 2464 மி.மீ. ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். கார் கிளம்பும்போது பின்னால் மாறும் எடையைக் கண்டுபிடிக்க, மொத்த எடையை முடுக்கத்தால் (ஜி கணக்கில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் எத்தனை பங்கு என்று) பெருக்கி, ஈர்ப்பு மைய உயரத்தால் பெருக்கி, வீல்பேஸால் வகுக்க வேண்டும்.

நல்ல ரோட்டு டயரின் பிடிப்பு 0.9 என்றால், இந்தக் கார் அதிகபட்சம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவுக்கு, அதாவது 0.5 ஜி-க்குக் கிளம்பும். அப்போது சுமார் 135 கிலோ பின்னால் மாறி, பின் ஆக்சிலில் 675 கிலோ உட்காரும். டயரின் ஆரம் 31 செ.மீ. என்றால் தரை தாங்கக்கூடிய முறுக்கு சுமார் 1850 நியூட்டன் மீட்டர்.

இப்போது எஞ்சின் பக்கம். 180 நியூட்டன் மீட்டர் எஞ்சின், முதல் கியர் 3.6, பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 3.9. மூன்றையும் பெருக்கினால் சக்கரத்துக்கு வருவது 2527. டயர் தாங்குவது 1850. அப்படியென்றால் டயர் சுழலும், ஆக்சில் தப்பிக்கும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது.

அதே காரில் பிடிப்பு 1.3 உள்ள டிராக் டயரை மாட்டுங்கள். முடுக்கம் 0.8 ஜி-யைத் தாண்டும், பின்னால் 760 கிலோ உட்காரும், தரை தாங்குவது 3000 நியூட்டன் மீட்டருக்குப் போய்விடும். எஞ்சின் கொடுக்கும் 2527-ஐ டயர் இனி விடாது. கிளட்சைச் சடாரென்று விட்டால் சுழலும் ஃபிளைவீலின் வேகமும் சேர்ந்து அடிக்கும். இனி எது ஃபியூஸ்? ஆக்சில் ஷாஃப்ட், கிராஸ் (புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டு), கியர் பல், கிளட்ச் பிளேட் இவற்றில் பலவீனமானது எதுவோ அது. எஞ்சினில் கை வைக்காமலேயே டயர் மாற்றிய ஒரே காரணத்தால் ஷாஃப்ட் முறிவது இப்படித்தான். ஆகவே டிரைவ்டிரெயினின் வலுவை எச்பியை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த டயர் போடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, அது தாங்கும் முறுக்குக்கு மேல் தாங்கும்படி மற்ற பாகங்களைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: ஆக்சில் என்ன செய்கிறது என்று கண்ணால் பாருங்கள்

சஸ்பென்ஷன் கிட் வாங்கும் முன் ஒரு சோதனை. செலவு ஒன்றுமில்லை. சமதளமான சிமென்ட் தரை, முன் சக்கரங்களுக்கு முன்னால் தடிமனான கட்டை, காரின் பின் கொக்கியிலிருந்து ஒரு மரத்துக்கோ தூணுக்கோ லாரி பெல்ட். காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. செல்போனைப் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தரையில் சாய்த்து வைத்து வீடியோ போடுங்கள். பின் ஆக்சிலைத் தாங்கும் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்கின்) ஓரத்தில் சாக்பீஸால் நேராக ஒரு கோடு. இப்போது முதல் கியரில் கிளட்சை மெதுவாகக் கடிக்க விடுங்கள், ஒரு நொடி போதும்.

இதில் பலர் செய்யும் தவறு, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொண்டு சோதிப்பது. பின் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும்போது அந்த எதிர்விசை ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்குக்கே திரும்பிப் போய்விடும். முறுக்கு ஹவுசிங்குக்குள்ளேயே அடங்கிவிடுவதால் பினியன் முனை (ஆக்சிலின் நடுவில் புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடம்) எழாது. "என் கார்ல ஒண்ணும் ஆகலையே" என்று நம்பி ஏமாந்துவிடுவீர்கள். பின் பிரேக்கை விட்டுவிடுங்கள், காரைக் கட்டையும் பெல்ட்டும் பிடிக்கட்டும்.

வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டயர் முன்னோக்கிச் சுற்ற முயலும்போது ஹவுசிங் எதிர்ப் பக்கம் திரும்புகிறது. பினியன் முனை மேலே எழுகிறது. பட்டையின் முன் பாதி மேலே வளைய, பின் பாதி கீழே இறங்க, நேராக இருந்த சாக்பீஸ் கோடு பாம்பு மாதிரி நெளிகிறது. பட்டை ஓரளவுக்குச் சுருண்டதும் திருப்பி அடிக்கும். அந்த நொடியில் டயர் பிடியை விடும், உடனே மறுபடி பிடிக்கும், மறுபடி சுருளும். கார் தடதடவென்று குதிப்பது அதனால்தான். குதிப்பு பார்க்கத்தான் சின்னது. ஒவ்வொரு குதிப்பிலும் ஷாஃப்டுக்கு விழுவது சுத்தியல் அடி.

மூன்றாம் படி: லீஃப் ஸ்பிரிங்கையே வைத்துக்கொள்வதா?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில், வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசடரிலும் பத்மினியிலும் பின்னால் பட்டைதான். பாரம் தாங்கும், ராயக்கோட்டைப் பக்கத்து ஊர் ரோட்டில் குலுங்கினாலும் உடையாது, நம் ஊரில் எந்த லாரிப் பட்டறையிலும் சரிசெய்யலாம். அதன் ஒரே குறை, ஆக்சிலைத் தாங்குவதும் திரும்பாமல் பிடிப்பதும் இரண்டுமே ஒரே பட்டையின் தலையில் விழுவது. இரண்டாவது வேலையை அதனிடமிருந்து வாங்கி வேறொன்றிடம் கொடுத்துவிட்டால் போதும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டை கட்டும் பெரியவர் ஒருவரிடம் என் மச்சானின் அம்பாசடரைக் கொண்டுபோனபோது, வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, லாரியில பட்டை ஏறி இறங்கணும். நீ கேக்குறது சுருளக் கூடாதுன்னு. அப்போ முன் பாதியை இறுக்கிக் கட்டு, பின் பாதியை விட்டுடு." பட்டையின் முன் கண்ணுக்கும் (முனையில் போல்ட் நுழையும் வளையம்) ஆக்சிலுக்கும் நடுவே மூன்று கிளிப் போட்டு இறுக்கினார். பின் பாதியில் இருந்த கிளிப்புகளைத் தளர்த்திவிட்டார். முன் பாதி கிட்டத்தட்ட ஒரு கம்பி மாதிரி நின்று ஆக்சிலைத் தள்ளியது, பின் பாதி வழக்கம்போல வளைந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டது. கிரைஸ்லர் நிறுவனம் டிராக் ரேஸுக்கென்று செய்த பட்டைகளிலும் இதே யோசனைதான்: முன் பகுதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். செலவில்லாத முதல் முயற்சி இது.

அடுத்தது டிராக்‌ஷன் பார். எளிமையான வகையில், ஆக்சிலுக்கு அடியில் யூ போல்ட்டோடு ஒரு கம்பியைக் கட்டி, அதன் முன் முனையில் ரப்பர் கட்டை வைப்பார்கள். பினியன் எழும்போது அந்த ரப்பர் பட்டையின் முன் கண்ணுக்கு அடியில் போய் முட்டி நிறுத்தும். ரப்பர் பட்டையின் நடுவில் முட்டினால் பட்டை வளைந்துவிடும், முன் கண்ணுக்கு நேர் கீழே முட்ட வேண்டும். இதைவிட நல்லது, முன் கண்ணின் போல்ட்டிலேயே சுழலும் ஒரு முக்கோணத் தகடு வைத்து, ஆக்சிலின் திருப்பத்தைப் பட்டையைக் கீழே அழுத்தும் விசையாக மாற்றும் வகை. கால்வர்ட் ரேசிங்கின் கால்ட்ராக்ஸ் இந்த வகைக்குப் பேர்போனது. இறக்குமதி செய்யக் கட்டுப்படியாகாவிட்டால் ஓசூரில் சிஎன்சி வேலை செய்யும் பட்டறைகள் ஏராளம். வரைபடம் சரியாக இருந்தால் தகட்டை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வகையிலும் கார் சாதாரணமாக ஓடும்போது பார் எதையும் இழுக்காது, அதனால் ரோட்டுச் சுகம் கெடாது.

காரைத் தாழ்த்துவதற்கு ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். பிளாக்கின் உயரம் முழுவதும் பட்டையை முறுக்கும் நெம்புகோலாக மாறும். தாழ்த்தத்தான் வேண்டுமென்றால் பட்டையின் வளைவைக் குறைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

பட்டையின் முன் ஹேங்கர் (முன் கண்ணைக் காரின் உடம்போடு பிடிக்கும் தாங்கி) இருக்கும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்காமல் இதில் எதையும் தொடாதீர்கள். நாற்பது வருடப் பழைய தகட்டில் பெயின்ட் மட்டும் நின்றுகொண்டிருக்கும். காரை முன்னே தள்ளும் மொத்த விசையும் அந்த ஒரு போல்ட் வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது. துரு இருந்தால் தகடு வெட்டி மாற்றி, பெட்டி மாதிரி வலுவூட்டி, பிறகு மற்றதைப் பாருங்கள்.

நான்காம் படி: இணைப்புக் கம்பிகளுக்கு மாறுவது எப்போது?

என் கணக்கில் எஞ்சின் 250 எச்பியைத் தாண்டப் போகிறது, அல்லது தரைத் தகடு எப்படியும் வெட்டப்படப் போகிறது என்றால் நான்கு கம்பி சஸ்பென்ஷன், அதாவது ஃபோர் லிங்க். கீழே இரண்டு கம்பி, மேலே இரண்டு கம்பி, எடையைத் தாங்க காயில் ஸ்பிரிங். கம்பிகள் நான்கும் நீளவாக்கில் நேராக இருந்தால் ஆக்சில் பக்கவாட்டில் நகராமலிருக்க ஒரு பன்ஹார்ட் ராடு வேண்டும். மேல் கம்பிகளைச் சாய்வாக வைத்தால் ராடு வேண்டாம், ஆனால் பின் சீட்டின் அடியில் இடம் தின்னும்.

இந்த அமைப்பின் பெரிய பலம், காரை எவ்வளவு வலுவாக டயர் மேல் அழுத்துவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம் என்பதுதான். கிராஃப் தாளில் காரைப் பக்கவாட்டில் வரையுங்கள். மேல் கம்பியையும் கீழ்க் கம்பியையும் முன்னோக்கி நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். பின் டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அந்தச் சந்திப்பு வழியாக ஒரு கோடு இழுங்கள். முன் சக்கர மையத்தின் செங்குத்துக் கோட்டை அது எந்த உயரத்தில் வெட்டுகிறது? ஈர்ப்பு மையத்தின் அதே உயரத்தில், நம் உதாரணத்தில் 55 செ.மீ.யில், வெட்டினால் 100 சதவீத ஆன்ட்டி ஸ்குவாட். கிளம்பும்போது பின்புறம் தாழவும் செய்யாது, எழவும் செய்யாது. அதற்குக் கீழே என்றால் தாழும், மேலே என்றால் பின்புறம் எழுந்து டயரைத் தரையில் குத்தும்.

முழு டிராக் கார்க்காரர்கள் 100-ஐத் தாண்டிப் போவார்கள். ரோட்டிலும் ஓடும் காருக்கு 100-ஐ ஒட்டியே நில்லுங்கள். அதிகமான ஆன்ட்டி ஸ்குவாட் உள்ள கார் பலமாகப் பிரேக் போடும்போது பின் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். தொப்பூர் இறக்கத்தில் முன்னால் லாரி திடீரென்று நின்றால் நமக்கு வேண்டியது அதுவல்ல. கம்பி மாட்டும் காதுகளில் இரண்டு மூன்று துளை போட்டு வைத்தால் பந்தய நாளில் ஒரு துளை மாற்றலாம், வீடு திரும்பும் முன் பழையபடி வைக்கலாம்.

கம்பியின் இரு முனையிலும் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போட்டால் வளைவில் ஆக்சில் சாய முடியாமல் இறுகிப் பிடிக்கும். ஒரு முனையிலாவது ரப்பரோ கோள மூட்டோ இருக்கட்டும்.

லேடர் பார் என்று இன்னொன்று சொல்வார்கள். நேராக ஓடுவதற்கு மட்டும் நல்லது, வளைவில் இறுகும், ரோட்டுக்கு வேண்டாம். இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் பின் சஸ்பென்ஷனை வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்தும் யோசனையும் வரும். சுகமாக ஓடும், ஆனால் பலமாகக் கிளம்பும்போது பாதி ஷாஃப்டுகள் முறிவதும் குதிப்பும் அதன் பிறவிக் குணம். அந்தப் பணத்தை டயரில் போடுங்கள்.

ஷாக் அப்சார்பரில் ஒரே ஒரு எச்சரிக்கை. முன்புறம் எளிதாக எழவேண்டும் என்று, நீளும்போது இளகியும் அமுங்கும்போது விறைத்தும் இருக்கும் டிராக் ஷாக்கை ரோட்டில் ஓடும் காருக்கு மாட்டாதீர்கள். வளைவிலும் மேடு பள்ளத்திலும் கார் மிதக்கும். திருகி மாற்றக்கூடிய ஷாக் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் உள்ள சாதாரண ஷாக்கே போதும்.

ஐந்தாம் படி: பினியன் கோணம்

கிளம்பும்போது பினியன் எழும் என்று பார்த்தோம். அதனால் கார் நிற்கும்போது பினியன் முனையை புரொப்பல்லர் ஷாஃப்டின் கோட்டிலிருந்து சற்றுக் கீழ்நோக்கி வைக்க வேண்டும், பாரம் ஏறும்போது இரண்டும் ஒரே கோட்டுக்கு வரும். பட்டை உள்ள காரில் 5 முதல் 7 டிகிரி என்பார்கள். டிராக்‌ஷன் பார் நன்றாக வேலை செய்தால் அதைவிடக் குறைத்துக்கொள்ளலாம். கம்பி சஸ்பென்ஷனில் 2 முதல் 4 போதும். கோணம் அதிகமானால் 80 கி.மீ. வேகத்தில் தரை வழியே ஒரு அதிர்வு வரும், வேலூர் போய்ச் சேருவதற்குள் கிராஸ் சூடாகிவிடும். தச்சர்கள் வைத்திருக்கும் கோணமானியோ செல்போனோ போதும். ஆனால் காரின் எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும், ஜாக்கியில் தொங்கும்போது அளந்தால் எல்லாம் பொய்.

ஆறாம் படி: டிஃப்ரன்ஷியல்

பின் ஆக்சில் கார் பலமாகக் கிளம்பினால் ரோட்டில் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழும், பெரும்பாலும் வலது சக்கரத்துடையது. காரணம் புரொப்பல்லர் ஷாஃப்ட். அது சுழலும் திசையிலேயே ஆக்சிலையும் புரட்டப் பார்க்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இடது சக்கரம் தரையில் அழுந்த, வலது சக்கரம் இலேசாகிறது. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் சம அளவு முறுக்கைத்தான் கொடுக்கும், ஆகவே இலேசான சக்கரம் எவ்வளவு தாங்குமோ அதே அளவுதான் மற்றதற்கும் போகும். பின்னால் ஒரு தடிமனான ஆன்ட்டி ரோல் பார் (கார் ஒரு பக்கம் சாயாமல் தடுக்கும் கம்பி) போட்டால் இந்த ஏற்றத்தாழ்வு நன்றாகக் குறையும். பலர் இதை யோசிப்பதே இல்லை.

டிஃப்ரன்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு. ரோட்டில் ஓடும் காருக்குச் செய்யாதீர்கள். பெட்ரோல் பங்கில் திரும்பும்போதே டயர் கதறும், மழையில் பின்புறம் வழுக்கும், வெல்டிங் துண்டு உடைந்தால் மொத்த டிஃப்ரன்ஷியலும் போகும். இப்போதைய ஜீப் வகை வண்டிகளில் வரும் தானாகப் பூட்டும் மெக்கானிக்கல் லாக்கரும் இதற்குச் சரிப்படாது. அது சேற்றில் மெதுவாக ஏறுவதற்கானது. ஒரு சக்கரம் வெறுமனே சுழன்ற பிறகுதான் டமாரென்று பூட்டும்.

நமக்குப் பொருந்துவது கிளட்ச் தகடு வைத்த லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்ரன்ஷியல். ஒரு சக்கரம் முற்றிலும் இலேசானாலும் மற்றதற்கு முறுக்குப் போகும், தகடு தேய்ந்தால் மாற்றலாம். அதற்கான சேர்க்கை கலந்த எண்ணெயையே ஊற்றுங்கள், இல்லையென்றால் மெதுவாகத் திரும்பும்போது கடகடவென்று சத்தம் வரும். பல்சக்கரம் மட்டுமே உள்ள ஹெலிக்கல் வகை ரோட்டில் இன்னும் இனிமையானது, தேய்மானமும் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழுந்தால் சாதாரண டிஃப்ரன்ஷியல் மாதிரி ஆகிவிடும். ஆன்ட்டி ரோல் பார் சரியாக இருந்தால் அதையும் எடுக்கலாம்.

ஆக்சிலையே மாற்றுவதென்றால் பழைய ஜீப் வகை வண்டியிலிருந்து எடுப்பதுதான் இங்கே நடைமுறை. அகலமாக இருக்கும், குறுக்க வேண்டிவரும். ஹவுசிங் குழாயை ஜிக்கில் வைத்து நேராகப் பற்ற வைப்பவரிடம் கொடுங்கள். உள்ளே போகும் ஷாஃப்டை வெட்டிப் பற்ற வைக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூட்டுப் பதம் போன இடத்தில் அது முறியும், சில ஆக்சில்களில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே வந்துவிடும். ஷாஃப்டைக் குட்டையாக்கி, முனையில் புதிதாக ஸ்பிளைன் (பொருந்தும் பல் வரிகள்) வெட்ட வேண்டும். ஓசூரில் அதற்கு வழி இருக்கிறது.

ஏழாம் படி: ரேஷியோ

ரேஷியோ என்பது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. பழைய இரும்புக் கடையில் ஆக்சில் பார்க்கும்போது அது பொறித்த தகட்டைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்து, மறு பக்கத்தை இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. 4-க்குச் சற்றுக் குறைவு என்றால் 3.9, சற்று அதிகம் என்றால் 4.1. பினியனில் சாக்பீஸ் புள்ளி வைத்துக்கொண்டால் தெளிவாக எண்ணலாம்.

எது வேண்டும் என்பதற்கு ஒரு நேரான கணக்கு உண்டு. காரின் எடையை எச்பியால் வகுத்து, அதன் கன மூலத்தை 7.58-ஆல் பெருக்கினால் 402 மீட்டருக்கு ஆகும் நொடிகள் வரும். 289-ஐ அதே கன மூலத்தால் வகுத்தால் முடிவுக் கோட்டைக் கடக்கும் வேகம், கி.மீ. கணக்கில். 1200 கிலோ, 150 எச்பி என்றால் வகுத்தது 8, கன மூலம் 2. ஆக சுமார் 15.2 நொடி, சுமார் 145 கி.மீ. நன்றாகக் கிளம்பினால் கிடைப்பது இது.

195/65 ஆர் 15 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.99 மீட்டர். 145 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 1214 சுற்று. மூன்றாம் கியர் 1.35, ஆக்சில் 3.9 என்றால் எஞ்சின் 6390 ஆர்பிஎம். உங்கள் எஞ்சின் 6500 வரை தாங்கும் என்றால் மூன்றாம் கியரிலேயே கோட்டைக் கடந்துவிடலாம், கடைசி 30 மீட்டரில் கியர் மாற்றி நேரம் இழக்க வேண்டாம். அதே 3.9-இல் 0.85 ஐந்தாம் கியரோடு 100 கி.மீ. வேகத்தில் 2775 ஆர்பிஎம். வேலூர் வரை பேசிக்கொண்டே போகலாம். 4.6 போட்டால் அதுவே 3270-ஐத் தாண்டும், காது வலிக்கும், கோட்டுக்கு முன்னால் நான்காம் கியரும் தேவைப்படும். "ரேஷியோ ஏத்தினா பிக்கப் வரும்" என்பது உண்மைதான், ஆனால் டயர் ஏற்கெனவே சுழலும் காரில் முதல் கியருக்கு இன்னும் முறுக்கு எதற்கு? ஐந்து கியர் பெட்டி கிடைத்தால் அதற்குத்தான் என் ஓட்டு. கான்டெஸாவிலும் பிந்தைய அம்பாசடரிலும் வந்த 1.8 லிட்டர் இசுசூ எஞ்சினோடு ஐந்து கியர் பெட்டி வந்தது. அதிலிருந்து தொடங்குவது சுலபம்.

கிரவுன் பினியன் மாற்றினால் பேக்லாஷை (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியை) டயல் கேஜில் பார்த்து வைப்பவரிடம் மட்டும் கொடுங்கள். இந்த அளவு ஆக்சிலுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ. வரை. பல்லில் வண்ணம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

எட்டாம் படி: ஷாஃப்ட், கிராஸ், கிளட்ச்

மச்சானின் கார் முதல் முறை பந்தயத் தளத்தில் ஓடியபோது டயர் மாற்றியிருந்தோம், பட்டையைத் தொடவில்லை. மூன்றாவது கிளம்பலில் குதித்தது, ஒரே சத்தம். முன் கிராஸ் முறிந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் கழன்றுவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் ஷாஃப்டின் முன் பகுதியைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போட்டிருந்தேன். ஷாஃப்ட் அந்த வளையத்தில் விழுந்து அடித்துக்கொண்டே நின்றது. வளையம் இல்லையென்றால் முன் முனை தரையில் குத்தி, காரையே நெம்பித் தூக்கியிருக்கும், அல்லது தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மச்சானின் காலுக்கு வந்திருக்கும். வளையத்தில் விழுந்த பள்ளத்தை அவன் இன்னும் அழிக்க விடவில்லை.

அமெரிக்க டிராக் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி அந்த வளையம் முன் கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள், கால் அங்குல தடிமன், இரண்டு அங்குல அகல இரும்புப் பட்டியில் இருக்க வேண்டும். ஸ்லிக் டயரில் (வரிப்பள்ளம் இல்லாத பந்தய டயர்) 13.99 நொடிக்குள் ஓடும் கார்களுக்கு அங்கே அது கட்டாயம். உங்கள் கார் 16 நொடி ஓடினாலும் போடுங்கள்.

ஷாஃப்டை பேலன்ஸ் பார்த்து வாங்குங்கள். நம் உதாரணக் கார் கோட்டைக் கடக்கும்போது ஷாஃப்ட் 4700 ஆர்பிஎம்-ஐத் தாண்டிச் சுற்றுகிறது. கிராஸ் நல்ல தரமானதாக, இரண்டு முனை யோக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஸ்லிப் யோக் (கியர் பெட்டிக்குள் நுழைந்து முன்னும் பின்னும் நகரும் ஷாஃப்ட் முனை) பெட்டிக்குள் போய் முட்டாமல் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளட்சில் என் கருத்து வழக்கத்துக்கு மாறானது. செராமிக் பிளேட் போட்டு, ஸ்விட்ச் மாதிரி கடிக்க வைக்காதீர்கள். கொஞ்சம் வழுக்கிப் பிடிக்கும் ஆர்கானிக் பிளேட், அதோடு வலுவான பிரஷர் பிளேட். இந்தச் சேர்க்கை ஷாஃப்டையும் பல்லையும் காப்பாற்றும், கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் ஊரும்போது இடது காலையும் காப்பாற்றும். வருடத்துக்கு ஒரு பிளேட் போனால் போகட்டும், ஆக்சிலைவிட அது மலிவு.

முதல் பந்தய நாள்

டயர் காற்றை 2 பிஎஸ்ஐ படிகளில் குறைத்துப் பாருங்கள், வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் ஏற்றுங்கள். முதல் கிளம்பல் 2500 ஆர்பிஎம்-இல். குதிப்பு இல்லை, இரண்டு கோடும் சமமாக விழுகிறது என்றால் அடுத்தது 3000. குதித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். "தாண்டிடும்" என்று மிதித்தவர்களின் ஷாஃப்டுகள்தான் என் பட்டறை மூலையில் கிடக்கின்றன. யாரையாவது பின்னால் ஓரமாக நிறுத்தி மெதுவேக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முதல் அரை நொடியில் பின்புறம் தாழ்கிறதா எழுகிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதில் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், நோட்டில் எழுதுங்கள்.

கிளம்பும் முன் யூ போல்ட், முன் ஹேங்கர் போல்ட், கம்பி போல்ட் எல்லாவற்றிலும் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. புதுப் பட்டை போட்ட காரில் முதல் 100 கி.மீ.க்குள் யூ போல்ட் எப்படியும் தளரும், வேலூர் தாண்டும் முன் ஒரு டீக்கடையில் நிறுத்தி, காருக்கு அடியில் படுத்து மறுபடி இறுக்கிவிட்டுப் போங்கள்.